கெட்டில் ஓடையின் பெயர்

என் கணவர் ஹார்லன், மீன் பிடிக்கும் ஓடையருகே வண்டியை நிறுத்தவே மாட்டார். எங்கள் மெய்ன் மாநில மலைப்பக்கத்தில் ட்ரவுட் மீன் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாருக்கும் இதே புத்திதான். வண்டி ஓர் ஓடையில் நிற்கும். ஆள் காட்டுக்குள் நடந்து வேறோர் ஓடையில் இருப்பான். தூண்டில் முள்ளில் மான் மயிரைக் கட்டிப் பொய்ப்பூச்சி செய்து மீனை ஏமாற்றுவது போதாதென்று ஊரையும் ஏமாற்றுவார்கள். மீன் கிடைக்கும் இடம் வேறு யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதாம். எல்லாம் உள்ளங்கையளவு மீனுக்காக. கட்டின பெண்டாட்டிக்கும் உண்மை கிடையாது. "ஸ்டெட்சன் ஓடைக்குப் போறேன்" என்பார். நானும் நம்பினேன்.

அந்த மே மாதம் மதியச் சாப்பாட்டுக்கு வர வேண்டியவர் சாயங்காலமாகியும் வரவில்லை. வண்டி ஸ்டெட்சன் ஓடையில் நின்றது. ஊரே திரண்டு அந்தக் கரையை அலசியது. அவருடைய சிநேகிதன் எல்வுட்டும் கூடவே நடந்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இருட்டியதும் எல்லாரும் திரும்பினார்கள்.

மறுநாள் காலை எல்வுட் தனியாகப் போய் அவரைக் கண்டுபிடித்தான். மலைக்கு அந்தப் பக்கம், கெட்டில் ஓடையில். பாறையிடுக்கில் கால் முறிந்து, பனி உருகின தண்ணீரில் பாதி உடம்பு நனைந்து, உயிரில்லாமல் கிடந்தாராம்.

அன்று மத்தியானம் எல்வுட் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

"அங்கதான் இருப்பார்னு நேத்தே தெரியுமா உனக்கு?"

"தோணுச்சு, மெர்ட்டில். அத்தனை பேரையும் அங்க எப்படிக் கூட்டிட்டுப் போறது? விடிஞ்சதும் நான் மட்டும் போய்ப் பாக்கலாம்னு இருந்தேன்."

"விடியறவரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "பேப்பர்ல ஸ்டெட்சன் ஓடைன்னே போட்ருங்க. தூக்கிட்டு வந்தவங்க வாயத் தொறக்க மாட்டாங்க, சத்தியம் வாங்கிட்டேன். ஹார்லனும் அதத்தான் சொல்லிருப்பான்."

சொல்லியிருப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செத்தவர் மேலும் கோபம், உயிரோடு இருந்தவன் மேலும் கோபம்.

இரங்கல் செய்தியை நானே எழுதினேன். கெட்டில் ஓடை என்று போட்டேன். எந்தப் பாலத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதையும் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை தூண்டிலோடு வந்த கூட்டத்தில் அந்தப் பாலத்தில் வண்டி நிறுத்த இடமில்லையாம். எல்வுட் என் வாசலில் வந்து நின்றான். "எல்லாம் போச்சு, மெர்ட்டில்" என்று தேம்பித் தேம்பி அழுதான்.

ஹார்லனை அடக்கம் செய்தபோது அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.