இடுப்பில் கட்டிய பொறுப்பு

மனித உயிரைக் காக்கும் பொறுப்பை அல்லாஹ் இரண்டு கூட்டத்தாரிடம்தான் ஒப்படைத்திருக்கிறான்: ஒன்று மலக்குகள் என்னும் வானவர்கள், மற்றது வாகனச் சாரதிகள். மாத்தளை மிளகு வியாபாரி மஹ்ரூப் முதலாளி இதைப் பத்து வருடமாகச் சொல்லிவந்தார். அந்தப் பத்து வருடமும் அவர் பஸ்ஸில்தான் போய்வந்தார்.

எழுபத்து நாலாம் ஆண்டில் கார் வாங்கினார். பாண் ரொட்டிக்கு வரிசை, இரண்டு கொத்து அளவுக்கு மேல் அரிசி கொண்டுபோனால் பொலிஸ் என்றிருந்த காலம் அது. புதுக் கார் நாட்டுக்குள் வருவதில்லை. இருக்கிற கார்கள் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் பழசாகி, கொஞ்சம் விலை ஏறிக்கொண்டிருந்தன. தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று கப்பலேறப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரத் தொரையின் கரும்பச்சைக் கார் மஹ்ரூபுக்கு வாய்த்தது. கைப்பிரேக் இல்லை. கால்பிரேக் மூன்றாவது மிதிக்குத்தான் பிடிக்கும். முதல் இரண்டு மிதியும் அதற்குத் தகவல் சொல்வதற்கு.

ஆனால் அந்தக் காரில் மாத்தளையில் எவரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. சாரதி ஆசனத்தின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து வந்து வயிற்றின் மேல் பூட்டிக்கொள்ளும் ஒரு பட்டி. விமானத்தில் இருப்பது போல என்று தொரை சொன்னார். மஹ்ரூப் விமானத்தில் போனதில்லை. அன்றிலிருந்து போய்வந்தவர் போலப் பேசத் தொடங்கினார்.

அந்தப் பெருமையை ஊருக்குச் சொல்ல, 'பாதுகாப்பே முதன்மை' என்று மும்மொழியிலும் ஒரு தகரப் பலகை எழுதுவித்து, காரின் நெற்றியில் மாட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் கொடுத்தார். மெக்கானிக் வஹகோட்டை சில்வெஸ்டர் பாஸ்.

"போல்ட்டுக்கு எங்க போறது முதலாளி? கொழும்புலயே இல்லையாம்."

"இந்த வண்டியில எத்தனை போல்ட்டு இருக்கு பாஸ்! அவ்வளவும் தேவைதானா?"

சில்வெஸ்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தேவையில்லாத எடத்துல ஒண்ணு இருக்கு. கழட்டிப் போடட்டா?"

"போடுங்க, போடுங்க."

பலகை ஏறியது. பார்க்க மிகவும் கம்பீரமாக இருந்தது.

இந்தக் கம்பீரமெல்லாம் மகள் மஸூதாவுக்காக. அரசாங்கக் கச்சேரியில் கிளார்க் வேலை பார்க்கும் ஒரு பையனைப் பேசியிருந்தார்கள். பையனின் படத்தை மஸூதா ஒரு மாதமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. தடை ஒன்றே ஒன்றுதான். பையனின் வாப்பா ஸஹாப்தீன் ஹாஜியார், வாகனப் பரிசோதகராக முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். மனிதரை வாகனத்தை வைத்துத்தான் எடைபோடுவார். மகனுக்கு வந்த முதல் சம்மந்தத்தை, பெண்ணின் மாமா வளைவில் பஸ்ஸை முந்தினார் என்று முறித்தார். இரண்டாவதை, பெண்ணின் தகப்பனுடைய சைக்கிளுக்கு லாம்பு இல்லை என்று முறித்தார். இது மூன்றாவது.

பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு பலாபத்வலச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். ஹாஜியார், அவருடைய தம்பிமார் மூவர், கலியாணத் தரகர் புஹாரி. பெண்கள் முந்தின பஸ்ஸில் வந்து வீடு சேர்ந்துவிட்டார்கள். மஹ்ரூப் காரோடு காத்திருந்தார்.

ஹாஜியார் ஸலாம் சொல்லிவிட்டு ஏறவில்லை. "லைட்டப் போடுங்க."

"பகல்தானே ஹாஜியார்."

"நான் உங்களக் கேக்கல. வண்டியக் கேக்குறேன்."

காரின் ஒரு கண் மட்டும் எரிந்தது. ஹாஜியாரின் முகம் இருண்டது. "பிரேக் எப்படி?"

"மூணு அடுக்குப் பிரேக், ஹாஜியார்."

அடுத்த கேள்வி கைப்பிரேக்தான் என்று மஹ்ரூபுக்குத் தெரியும். அதற்குள் ஆசனத்தில் அமர்ந்து, பட்டியை இழுத்து, தொந்தியின் மேல் 'டக்' என்று பூட்டினார்.

ஹாஜியார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "முப்பது வருஷத்துல புஸ்தகத்துலதான் இதைப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு ஏறி முன்னால் உட்கார்ந்தார். கைப்பிரேக்கை எல்லோரும் மறந்தார்கள்.

வீட்டு வாசல் சரிவானது. அங்கே வந்து நின்றதும், ஏற்பாட்டின்படி சில்வெஸ்டர் ஓடிவந்து முன்சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்தார். விருந்தாளிகள் இறங்கினார்கள். மஹ்ரூப் பட்டியின் பூட்டை அமுக்கினார். திறக்கவில்லை. இரண்டு பெருவிரலாலும் அமுக்கினார். பிஸ்மி சொல்லி அமுக்கினார்.

"ஏன் முதலாளி, எறங்கல்லயா?" என்றார் புஹாரி.

மஹ்ரூபின் காதுக்குள் மூன்றாவது சம்மந்தம் முறியும் சத்தம் கேட்டது. தன் பட்டியைத் தானே கழற்றத் தெரியாதவன் என்று தெரிந்தால் ஹாஜியார் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். மஹ்ரூப் முதுகை நிமிர்த்தினார்.

"விருந்தாளிங்க ஊர் திரும்புற வரைக்கும் சாரதி வண்டியை விட்டு எறங்கப்படாது. அது அவனோட பொறுப்பு. நீங்க உள்ளுக்குப் போங்க."

ஹாஜியார் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் மனைவி ஜுனைதா வந்து, முக்காட்டை இழுத்துக்கொண்டு சன்னலோரம் குனிந்தாள். "என்னங்க இது கூத்து? மனிசர் உள்ளுக்கு, நீங்க ரோட்டுல!"

"பூட்டு இறுகிக்கிச்சு புள்ள. சத்தம் போடாத."

"அப்ப எழும்பி வாங்களேன்."

"பூட்டியிருக்கே, எப்படி எழும்புறது? விமானத்துல யாராச்சும் எழும்புறாங்களா?"

ஜுனைதாவும் விமானத்தில் போனதில்லை. ஆகவே வாதாடவில்லை. "அப்ப சாப்பாடு? அரிசி தட்டுப்பாடா இருக்கிற லெச்சணத்துல ஆம்பளைங்களுக்கு ஒரே ஒரு ஸஹன்தான் போட்டிருக்கு."

ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்பதுதான் ஸஹன். ஐந்து பேர் உட்கார்ந்தால் அது குறை; ஒருவருக்குத் தனியாக அள்ளிக் கொடுத்தால் அது பிச்சை. உள்ளே ஹாஜியார் கை கழுவிவிட்டு, ஆளை எண்ணிப் பார்த்து, எழுந்தார்.

"பொறுப்பான மனிசன் வெளிய இருக்க நாம உள்ள திங்கிறதா? தூக்குங்க ஸஹன!"

பிரியாணி காருக்கு வந்தது. முன்னாசனத்தின் நடுவில் ஸஹனை வைத்தார்கள். ஹாஜியார் இடது பக்கம் ஏறினார். தம்பிமார் மூவரும் பின்னால் ஏறி, ஆசனத்தின் மேலாகக் கையை நீட்டினார்கள். புஹாரிக்கு இடமில்லை, அவர் வெளியே நின்று, ஹாஜியார் பக்கத்துச் சன்னலுக்குள் தோள்வரை நுழைந்துகொண்டார். ஸஹன் மரியாதைக்காக மஹ்ரூப் ஒரு காலை மடித்து ஆசனத்தில் வைத்தார்.

"அச்சாற இந்தப் பக்கம் தள்ளுங்க நானா."

"கோழிய ஹாஜியாருக்கு வைங்க. புஹாரி, கைய எடும், மனிசர் முகத்த மறைக்குது!"

"கைய எடுத்தா நான் என்னத்தத் திங்கிறது?"

ஹாஜியார் சிரித்தார். அவர் சிரித்ததை அவருடைய தம்பிமாரே அன்றுதான் பார்த்தார்கள். மஹ்ரூபின் நெஞ்சு குளிர்ந்தது.

அதே நேரம் பின்கட்டில் சமையல்காரப் பண்டாரி, தேத்தண்ணிக் கேத்தலை ஏற்ற அடுப்புக்கு ஒரு கல் குறைகிறது என்று தேடிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். சக்கரத்தடியில் நல்ல கருங்கல் ஒன்று வீணாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனார்.

முதலில் அச்சாறுதான் நகர்ந்தது. பிறகு வீடு பின்னால் போனது.

"வண்டி போகுது!" என்று கத்தினார் பின்னாலிருந்த தம்பி ஒருவர்.

"பிரேக்!" என்றார் ஹாஜியார், முப்பது வருடக் குரலில்.

மஹ்ரூபின் பிரேக் கால் ஸஹன் மரியாதையில் மடிந்திருந்தது. அதைத் தொந்திக்குக் கீழிருந்து விடுவித்து முதல் மிதி மிதித்தார். புஹாரி, கையில் கோழிக்காலோடு, சன்னலுக்குள் தோளோடு, காரின் வேகத்துக்கு ஓடிவந்துகொண்டிருந்தார். "நிப்பாட்டுங்க முதலாளி, நான் இன்னும் ஏறல்ல!" இரண்டாவது மிதி. சில்வெஸ்டர் பின்னால் 'ஏசுவே' என்று ஓடிவந்தார். மூன்றாவது மிதிக்கு பிரேக் பிடித்தது. அந்தக் கணத்தில்தான் வயலோரத்து வைக்கோல் போரும் வந்தது.

மெத்தென்று ஒரு மோதல். அவ்வளவுதான்.

ஹாஜியார் ஸஹனிலிருந்து முகத்தை எடுத்தார். தாடியில் ஏலக்காய், புருவத்தில் மஞ்சள் சோறு. தொப்பி பிரியாணிக்குள் கவிழ்ந்திருந்தது. தம்பிமார் மூவரும் பின்னாசனத்திலிருந்து முன்னாசனத்துக்குத் தலைகீழாக வந்துசேர்ந்திருந்தார்கள். புஹாரி வைக்கோலுக்குள் எங்கேயோ இருமினார். யாருக்கும் கீறல்கூட இல்லை.

மஹ்ரூப் மட்டும் இருந்த இடத்தில், இருந்தபடி இருந்தார். ஸ்டியரிங் அவருடைய தொந்திக்குள் ஒரு சாண் புதைந்திருந்தது. மடியில் பட்டி அப்படியே பூட்டிக் கிடந்தது.

எல்லாம் முடிந்தது என்று அவர் கண்ணை மூடினார். மஸூதாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார்.

"எல்லாரும் பாருங்கப்பா!" என்று ஹாஜியார் மஹ்ரூபின் மடியைச் சுட்டிக் காட்டினார். "நாம நாலு பேரும் சோத்துல கெடக்கிறோம், புஹாரி வைக்கோல்ல கெடக்கிறாரு. இவர் அசையல்ல! பட்டி புடிச்சு வச்சிருக்கு! காலுல பிரேக் உள்ளவன ஆயிரம் பேரப் பாத்திருக்கேன். இடுப்புல பொறுப்பு உள்ளவன இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சோற்றுக் கையோடு மஹ்ரூபின் கையைப் பற்றினார். "சம்மந்தி! நிக்காஹ் அன்னைக்கு மாப்பிள்ளய இந்த வண்டியிலதான் கூட்டி வரணும். இந்தப் பட்டியப் போட்டுத்தான். சரிதானே?"

"இன்ஷா அல்லாஹ்" என்றார் மஹ்ரூப், கண்ணைத் திறந்து.

தேத்தண்ணியை வைக்கோல் போரடியிலேயே கொடுத்தார்கள். நல்ல சூடு; அடுப்புக் கல் சரியாக அமைந்திருந்தது. விருந்தாளிகள் சந்திவரைக்கும் நடந்தே போனார்கள். வண்டியைச் சோதிக்கத் தேவையில்லை என்று போகும்போது ஹாஜியார் சொல்லிப்போனார்.

அவர்கள் வளைவில் மறைந்த பிறகு ஜுனைதா பாக்குவெட்டியும், சில்வெஸ்டர் இரும்பு வாளும் கொண்டுவந்தார்கள்.

"வெட்டாதீங்க பாஸ்! மாப்பிள்ளைக்கு வேணும்" என்று அலறினார் மஹ்ரூப்.

"வெட்டல்ல முதலாளி. கொஞ்சம் எழும்புங்க."

"எழும்ப ஏலாது. கட்டியிருக்கு."

"சும்மா எழும்பிப் பாருங்களேன்."

மஹ்ரூப் எழும்பினார். காருக்கு வெளியே வந்து நின்றார். பூட்டு அப்படியே இருக்க, பட்டியின் வலது முனை எதிலும் மாட்டாமல் கார்க் கதவுக்கு வெளியே ஒரு முழம் தொங்கியது. அந்த முனைக்குரிய போல்ட்டு ஒரு மாதமாகத் தகரப் பலகையில் இருந்தது.