பித்தளைப் பிடி போட்ட கத்தி

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் கரி பஸ்ஸில் ஏறியவர்கள் திட்டாமல் இறங்கியதில்லை. முதலில் யுத்தத்தைத் திட்டுவார்கள், பெட்ரோலையெல்லாம் அதுதானே குடித்துவிட்டது. பிறகு வண்டியின் முதுகில் தொங்கிய கரி அடுப்பைத் திட்டுவார்கள். மேட்டில் இறங்கித் தள்ளச் சொன்னதும் டிரைவர் ராசாங்கத்தைத் திட்டுவார்கள். இவ்வளவும் திட்டிவிட்டு, பெரம்பலூரில் இறங்கியதும் நேராகப் போய் நிற்பது அதே ராசாங்கத்தின் மனைவி சுந்தராம்பாள் வைத்திருந்த வெற்றிலைக் கடையில்தான்.

வெற்றிலை எந்தக் கடையிலும் கிடைக்கும். விஷயம் பாக்கில் இருந்தது. மற்றவர்கள் பாக்குவெட்டியால் கடக் கடக்கென்று நறுக்கிக் கொடுப்பார்கள், கடிப்பவன் பல் அவன் பாடு. சுந்தராம்பாள் பாக்கை ஊறவைத்து மடக்குக் கத்தியால் சீவுவாள். வெங்காயத் தோல் கனத்துக்குச் சுருண்டு சுருண்டு விழும். பொக்கை வாய்க்காரர்கள்கூட நம்பி வாங்கலாம். மாட்டுக்கொம்புப் பிடி போட்ட அந்தக் கத்தி கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் கையில் இருந்தது.

போன ஐப்பசியில் கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றிக்கொண்டு அவளுடைய வலது கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் நசுக்கிவிட்டது. திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மீதிக் கையைக் காப்பாற்றித் திருப்பி அனுப்பினார்கள். கட்டு அவிழ்த்த அன்றே அவள் கத்தியைப் பிடித்துப் பார்த்தாள். மெலிந்த கொம்புப் பிடி மூன்று விரலுக்குள் நிற்காமல் நழுவி, அம்மிக்கல்லில் விழுந்து கீறல் விட்டது. அதை எடுத்துக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டு, "இனிமே தனமே கடையைப் பாத்துக்கட்டும்" என்றாள். தனம் ராசாங்கத்தின் தங்கை. நல்ல பெண்தான், ஆனால் அவள் வெட்டிய பாக்கை ஆடு தின்றாலும் யோசிக்கும்.

அதற்குப் பிறகு சுந்தராம்பாள் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். யாராவது வீட்டுக்கு வந்தால் வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள். ராசாங்கத்துக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைத்தெருவே அவள் குரலில் விடிந்த காலம் போய், இப்படி ஒடுங்கிக் கிடக்கிறாளே என்று மருகினான். எப்படியும் அவளைத் திரும்பக் கடையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று நினைத்தான். வேறு எந்த ஆசையும் அவனுக்கு அப்போது இல்லை.

சாமான் கிடைக்காத யுத்த காலத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்குக் கை சும்மா இருக்காது. தேய்ந்ததை அராவி, உடைந்ததைத் தட்டி, ஓட்டையானதை அடைத்தே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் ராசாங்கம். கத்தி நழுவுகிறது என்றால் குற்றம் பிடியில்தானே? மூன்று விரலுக்கு ஏற்ற பிடி போட்டால் நிற்காமல் எங்கே போகும்? இப்படிக் கணக்குப் போட்டு, அவளுக்குத் தெரியாமல் எரவாணத்திலிருந்து கத்தியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டான்.

முதலில் அவள் பிடிப்பின் அளவு வேண்டும். கரி அடுப்பு மூடியில் புகை கசியாமல் பூசுவதற்குக் களிமண் பிசைவது அவர்கள் வீட்டில் வழக்கம். ஒரு காலையில் நீளவாக்கில் உருட்டிய களிமண்ணை அவளிடம் நீட்டினான்.

"ஏ புள்ள, இதைக் கொஞ்சம் இறுக்கிப் புடி. பதம் வந்துச்சான்னு பாக்கணும்."

"பதம் பாக்கத் தெரியாமத்தான் இத்தன நாளு வண்டி ஓட்டினீங்களா?" என்றாள். ஆனாலும் வலது கையை முந்தானையிலிருந்து எடுத்து ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கொடுத்தாள். அவள் முகம் சுளித்ததை அவன் கவனிக்கவில்லை. மண்ணில் பதிந்திருந்த மூன்று விரல் பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈரத்துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கிப் போவது போல ஷெட்டுக்குக் கொண்டுபோனான்.

பித்தளைக்கு எங்கே போவது? ஷெட்டில் செத்துக் கிடந்த பழைய வண்டியின் ஹாரன் ஞாபகம் வந்தது. வாய் அகன்ற பித்தளை ஹாரன். முதலாளி பாலசுந்தரத்திடம் கேட்டதற்கு, "ஊதாத ஹாரன் எனக்கு எதுக்கு, எடுத்துக்கய்யா" என்று கொடுத்துவிட்டார். ராசாங்கம் அதன் வாயை உளியால் வெட்டித் தகடாக்கி, வேப்பங்கட்டையில் பள்ளம் தோண்டி, அதில் வைத்துச் சுத்தியலால் தட்டத் தொடங்கினான்.

கண்டக்டர் வேம்பு எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, வண்டிக்குப் பார்ட்ஸா?"

"ஆமாண்டா. எங்க வூட்டு வண்டிக்கு."

முதல் ஜோடித் தகடு பச்சையாகத் தட்டியதில் கீறிவிட்டது. அப்புறம்தான் கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, இளக்கித் தட்டினான். அடுத்த ஜோடி நன்றாக வந்தது, ஆனால் அகலம் கூடி, கத்தி மடங்க மறுத்தது. பஸ்ஸில் ஏறக் காத்திருந்தவர்கள், "டிரைவரே, கத்தி மடங்குனா வண்டி கெளம்புமா, இல்ல நாங்க நடக்கவா?" என்று கேட்டார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு வந்த ஜோடியில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம் இறக்கினான். இல்லாமல்போன விரல்களின் இடத்தில் மட்டும் ஒரு மேடு எழுப்பினான், காலியிடம் தெரியாமல் உள்ளங்கை சாய்ந்துகொள்ள வேண்டும் என்று. அந்த மேட்டை அரத்தால் வழவழப்பாக்கினான். உள்ளே அரக்கைக் காய்ச்சி ஊற்றி, செம்புக் கம்பியை ஆணியாக அடித்து, தலையைத் தட்டிப் பரப்பிப் பிணைத்தான். புளி போட்டுத் தேய்த்ததும் தங்கம் தோற்றது.

இதற்கிடையில் வீட்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. அவனுடைய சவரக்கத்தி திடீரென்று முகத்தைப் பிடுங்க ஆரம்பித்தது. எவ்வளவு தீட்டினாலும் மறுநாள் மழுங்கியிருந்தது. யுத்த கால சோப்பைத் திட்டினான். இன்னொன்று, தனத்தின் பாக்கு தேறிவிட்டது. தேறியது என்றால் சாதாரணமாக இல்லை, வெங்காயத் தோல் கனத்துக்கு. கடையில் பழையபடி கூட்டம் நின்றது.

"பரவால்ல புள்ள, உங்கிட்டக் கத்துக்கிட்டு தனம் சீவுறதும் உன்ன மாதிரியே இருக்கு" என்று சாப்பிடும்போது சொன்னான். சுந்தராம்பாள் குனிந்து குழம்பு ஊற்றினாள்.

கத்தி முடிந்த அன்று அரியலூரில் ரயில் வரவில்லை, சவாரியும் இல்லை. மத்தியானமே வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தான். வீட்டு முன்கட்டில் ஆளைக் காணோம். கொல்லைப்பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

சுந்தராம்பாள் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தாள். வலது கையின் மூன்று விரலில் பாக்கு. இடது கையில் அவனுடைய சவரக்கத்தி. முறம் நிறையச் சுருள் சுருளாகப் பாக்கு. கூசாமல் தடுமாறாமல் ஓடிக்கொண்டிருந்தது அந்த இடது கை.

அவனைப் பார்த்ததும் சவரக்கத்தியை மடிக்குள் மறைத்தாள்.

"அய்யோ, கையை அறுத்துக்கப்போற! வெளியே எடு!"

எடுத்துத் தரையில் வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. "என் கத்தியக் காணோம். அதான் உங்களுதை எடுத்தேன். தனத்துக்கிட்ட நாந்தான் சீவிக் குடுத்து வுடுறேன். பீச்சாங்கையால சீவுனதுன்னு யாருக்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா ஒருத்தரும் வாயில வைக்கமாட்டாங்க. உங்களுக்கும் அதத்தான் மடிச்சுக் குடுத்தேன். அது வேற மனசு அறுக்குது."

ராசாங்கத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதோடு பெருமையும் வந்தது. இடுப்பிலிருந்து பித்தளைப் பிடிக் கத்தியை எடுத்தான். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பதால் அவளுக்கு முன்னால் கீழே வைத்தான்.

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு வலது கையால் எடுத்தாள். மூன்று விரலும் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன, மேடு உள்ளங்கையில் பொருந்தியது. இம்மிகூடப் பிசகில்லை. களிமண் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "இதுக்கா அன்னைக்கு மண்ணை அமுக்கச் சொன்னீங்க?" என்று சொல்லிவிட்டு ஒரு பாக்கை எடுத்துச் சீவினாள். கனமாக, கோணலாக ஒரு துண்டு விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான் விழுந்தது. அவள் நெற்றி வேர்த்துவிட்டது.

"நல்லா இருக்குங்க. பழகிடும்."

"பொய் சொல்லாத. வலிக்குதா?"

"மணிக்கட்டு வரைக்கும் சுரீர்னு இழுக்குது. புடியில குத்தமில்லிங்க. இந்தக் கைக்குத்தான் பெலமில்ல."

ராசாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சோற்றுக்கையை விட்டால் வேறு கை உண்டு என்று அவன் புத்திக்கு எட்டவே இல்லை. அவள் கத்தியை இடது கைக்கு மாற்றிப் பிடித்தாள். மேடு விரல் இடுக்கில் முட்டியது, பள்ளம் ஆகாத இடத்தில் இருந்தது. இந்தப் பக்கத் தகட்டை அந்தப் பக்கம் மாற்றினால்? உள்பக்கம் வெளியே வந்துவிடும். செருப்பைக் கால் மாற்றிப் போட முடியுமா?

"ஹாரன்ல இன்னும் தகடு மிச்சம் இருக்கு" என்றான். "எடது கையக் காட்டு, அளவு பாக்கணும்."

"வேண்டாங்க. எடது கைக்குன்னு புடி போட்டா ஊருக்கே தெரிஞ்சுபோயிடும். இப்படியே கொல்லையில இருந்து சீவுறேன்."

"கொல்லையில ஒளிஞ்சு ஒக்காரவா நான் பித்தளை தட்டுனேன்? இந்தத் தடவை இன்னும் ரெண்டு விரலுக்கும் சேத்துப் பள்ளம் எடுக்கணும், அஞ்சு விரலு இருக்குல்ல" என்றான். அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். கையைக் காட்டினாள்.

புதுப் பிடி போட்டு முடித்த அடுத்த சந்தை நாளில் சுந்தராம்பாள் கடையில் உட்கார்ந்தாள். தனம் பக்கத்தில் நின்றாள். கரி பஸ் வந்து நின்றதும் கூட்டம் பழையபடி ஓடி வந்தது. "அட, சுந்தராம்பா வந்துடுச்சா!" என்று ஒருவர் சந்தோஷப்பட்டார். அவள் சீவ ஆரம்பித்தாள். எல்லாருடைய கண்களும் அவள் இடது கைக்குப் போயின.

உடையார்பாளையத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தார். மற்றவர்கள் போகவும் இல்லை, கேட்கவும் இல்லை. சுந்தராம்பாளின் கத்தி நின்றது. "தனம், நீ வந்து ஒக்காரு" என்று எழுந்திருக்கப் போனாள்.

ராசாங்கம் வண்டியிலிருந்து இறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஒக்காரு. எனக்கொரு வெத்தலை மடி."

அவள் சீவினாள், சுண்ணாம்பு தடவினாள், மடித்தாள். கொடுக்கும் நேரத்தில் வழக்கப்படி வலது கைக்கு மாற்றினாள். மடிப்பு நழுவி, பாக்கு கொட்டிவிட்டது.

"அதை வுடு. வேற மடிச்சு, சீவுன கையாலயே குடு."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டுமே."

"பீச்சாங்கைங்க."

"உங்கைதானே புள்ள."

சுந்தராம்பாள் வேறு மடித்து இடது கையை நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கையால் அவனுக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. ராசாங்கம் வாங்கி வாயில் போட்டு, எல்லாரும் பார்க்க மென்றான். "அண்ணி, எனக்கும்" என்று வேம்பு இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர் நகர்ந்து வந்தார்கள்.

ராசாங்கத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "சுண்ணாம்பு கூடிப்போச்சு" என்று துண்டால் துடைத்துக்கொண்டான்.

"சுண்ணாம்பெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பாக்கை எடுத்துச் சீவத் தொடங்கினாள்.