காட்டாமல் விட்ட கை

எடை பார்க்கும் அறையில் சின்னவள் தன் எடைப் பிரிவுக்கு இருநூறு கிராம் கூடுதலாக நின்றாள். பாழாய்ப் போன அந்த இருநூறு கிராம்தான் அன்றைக்கு எல்லாவற்றையும் கெடுத்தது. மற்ற நாட்டுப் பெண்கள் உள்ளே போவதும் சிரித்துக்கொண்டே வெளியே வருவதுமாக இருக்க, பெரியவள் தங்கைக்கு இரண்டு கம்பளிச் சட்டைகளை மாட்டி நடைவழியில் ஓடவிட்டாள். குவளையில் எச்சில் துப்பவைத்தாள். நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது தராசு இறங்கி வந்தது. இரண்டு பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

பெரியவள் அக்கா மட்டுமல்ல, பயிற்சியாளரும் அவள்தான். சின்னவளுக்கு முப்பது வயது. உலகமே உட்கார்ந்து பார்க்கும் இந்தப் பளுதூக்கும் போட்டி நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். போன தடவை முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்த தடவைக்கு இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இந்தத் தடவை மூன்றாம் இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வேறு யாரும் சொல்லவில்லை, எண்களே சொல்லின.

பெரியவள் எதையும் நோட்டில் எழுதிவைக்கிறவள். டேப், சாக்பொடி, உப்புத் தண்ணீர், உபரி ஷூ லேஸ், எத்தனை நிமிடத்துக்கு முன்னால் எந்த எடை என்று எல்லாமே அதில் இருக்கும். அக்கா மூச்சு விடுவதையும் நோட்டைப் பார்த்துத்தான் விடுவாள் என்று சின்னவள் கேலி செய்வாள். அப்பேர்ப்பட்ட நோட்டில் ஒன்று மட்டும் ஏறியதே இல்லை. அது சின்னவளின் இடது கை.

அந்தக் கை முழங்கையில் முழுதாக நீளாது. பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு ஆறு வயதில் நடந்தது அது. தொடவே கூடாதென்று அப்பா சொல்லியிருந்த சைக்கிளில் தங்கையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனாள் பெரியவள். இருவரும் விழுந்தார்கள். அடி பின்னிவிடுவாரே என்று பயந்து, மாடிப்படியில் தடுக்கி விழுந்தேன், வலிக்கவே இல்லை என்று சொல்லும்படி தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பிள்ளையும் அப்படியே சொன்னது. நான்கு நாள் கழித்துக் கை பூசணிக்காயாய் வீங்கியபோதும் அதையேதான் சொன்னது. எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. அன்றிலிருந்து பெரியவள் அந்தக் கையை நேராகப் பார்த்ததில்லை.

எடை மாட்டிய இரும்புப் பாரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும்போது இரண்டு முழங்கைகளும் நிமிர்ந்திருக்க வேண்டும். மடங்கியிருந்தால் சிவப்பு விளக்குதான், தூக்கியது செல்லாது. பழைய முறிவு உள்ளவர்கள் போட்டி தொடங்கும் முன்பே மூன்று நடுவர்களிடமும் கையைக் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான், அதற்குமேல் பிரச்சினை கிடையாது. சொந்த ஊர் நடுவர்களுக்கு அந்தக் கை மனப்பாடம். வெளியூர்களில் சின்னவளே, வாக்கா, நம்ம கோணலை ஒரு சுற்று காட்டிட்டு வந்துடலாம் என்று இழுத்துக்கொண்டு போவாள். இன்றைக்கு அவளுக்கு நாக்கு வறண்டு, காலில் தசை பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வாக்கா என்று கூப்பிடவில்லை. பெரியவள் நோட்டைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

மூன்று வாய்ப்புகளில் முதலாவது தொண்ணூற்றாறு கிலோ. பூப்போலத் தூக்கி நின்றாள் சின்னவள். மூன்று விளக்குகளும் சிவப்பாக எரிந்தன.

பெரியவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அடப்பாவி, கையைக் காட்டவில்லையே. நடுவர்களுக்கும் மேலான ஜூரியின் மேசைக்கு ஓடினாள். மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அங்கிருந்த நரைமுடி அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் போட்டி தொடங்குமுன் சொல்லியிருக்க வேண்டும், இப்போது எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

திரும்பி வந்து தங்கையிடம் சொன்னாள். சின்னவள் கைக்கட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு நிமிர்த்திப் பார்க்கிறேன் என்று எழுந்து போனாள். இருபத்து நான்கு வருடம் நிமிராதது ஒரு நிமிடத்தில் நிமிருமா? கோணல் கையை வலுக்கட்டாயமாக முறுக்கியதில் பார் பின்பக்கம் போய் விழுந்தது.

இன்னும் ஒரு முறை இருந்தது. இதுவும் போனால் பெயர் பட்டியலிலேயே இருக்காது. பெரியவள் அதே எடையை எழுதப் போனாள். சின்னவள் தடுத்தாள்.

"அஞ்சு கிலோ ஏத்துக்கா. எப்படியும் கணக்குல வரப்போறதில்ல. எவ்வளவு தூக்கினா என்ன."

நூற்றொரு கிலோ. பயிற்சியில்கூட அவள் தொட்டதில்லை. தூக்கினாள். கீழே போடலாம் என்று மணி அடித்தபிறகும் அப்படியே நின்றாள். விவரம் தெரியாத கூட்டம் எழுந்து கைதட்டியது. மூன்று சிவப்பு விளக்குகளும் எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் பாரைக் கீழே விட்டாள். மூன்றாம் இடத்துக்கு வந்த பெண் அன்றைக்கு அந்தச் சுற்றில் தூக்கியது தொண்ணூற்றெட்டு.

வார்ம்-அப் அறையின் மூலையில் சின்னவள் கைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் எதிரே நின்றாள். செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாதான்.

"நான்தான் காட்ட மறந்துட்டேன்னு சொல்லிடுக்கா," என்றாள் சின்னவள். "இல்லேன்னா உன்னை வறுத்து எடுத்துடுவார்."

அதைக் கேட்டதும் பெரியவளுக்குத் தாங்கவில்லை. போனை எடுத்து, கையைக் காட்டாமல் விட்டது நான்தான் என்றாள். அதோடு நிறுத்தவில்லை. சைக்கிளை எடுத்தது, விழுந்தது, மாடிப்படி என்று பொய் சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அழுதாள். சின்னவளிடம் கொடு என்று மட்டும் சொன்னார் அப்பா.

பெரியவள் போனை நீட்டினாள். சின்னவள் வாங்கவில்லை. காலையிலிருந்து அழாதவளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"சைக்கிள் விஷயத்தை எதுக்குக்கா சொன்ன," என்றாள். "உனக்காக நான் செஞ்சதுன்னு இருந்ததே அந்தப் பொய் ஒண்ணுதான். இன்னைக்கு அதையும் இல்லாம பண்ணிட்டியே."

போனில் அப்பா இன்னும் சின்னவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.