சிவப்பு மையில் ஒரு பெயர்

இசைக்குழு ரசிகர்களுக்குச் சியோல் நகரை நாள் முழுவதும் நடந்தே சுற்றிக்காட்டுவது மியோங்ஹேயின் தொழில். ஒவ்வொரு சாலையையும் கடந்த பின் மஞ்சள் குடையை உயர்த்தி, ஆட்களை எண்ணிய பிறகே மேலே நடப்பார்.

மாலையில் அவர்களைச் தொக்போக்கி என்னும் காரமான அரிசிப் பலகாரம் விற்கும் சுன்னேயின் கடைக்கு அழைத்துச் செல்வார். பாடகராகும் கனவோடு பயிற்சி பெற்ற பிள்ளைகள் அக்கடைச் சுவரில் கையெழுத்திட்டிருந்தனர். அவர்களுள் மியோங்ஹேயின் மகள் சோயுலும் ஒருத்தி. பதினாறு வயதில், கறுப்புப் பேனா காய்ந்துவிட்டதால், சிவப்பில் எழுதிவிட்டாள். இறந்தவர் பெயரையன்றோ சிவப்பில் எழுதுவார்கள் என்று தாய் அன்று கடுமையாகக் கடிந்துகொண்டார்.

ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின்னும் சோயுல் மேடையேறவில்லை. சென்ற பனிக்காலத்தில் நோயுற்று இறந்தாள். கடையில் மியோங்ஹே அதைச் சொல்லவே இல்லை.

இன்று சுன்னே கறுப்புப் பேனாவோடு வந்தாள்.

"அக்கா, ஒங்க பொண்ணு பேரு இன்னும் செவப்பாவே கெடக்கு. அன்னைக்கு அவள என்னா திட்டு திட்டுனீங்க! கறுப்புல மேல இழுத்துடவா? நாளைக்குப் பெரிய ஆளாயிட்டா, ஏன் மாத்தலன்னு என்னையத்தான் கேப்பா."

ரசிகர்கள் சுவரைப் படமெடுத்துக்கொண்டிருந்தனர். மியோங்ஹே அந்தப் பேனாவை வாங்கி மூடினார்.

"வேண்டாம் சுன்னே. அவ போயி மூணு மாசமாச்சு. அது செவப்பாவே இருக்கட்டும்."