தப்புச் சத்தம் கேட்டால் ஓடாதீர்கள்

இன்றைக்குத் தப்புச் சத்தம் கேட்டால் யாரும் ஓடக்கூடாது என்று தனுஷன் காலையிலேயே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டான். வீடு என்றால், தடுப்பாகக் கட்டிய ஒரு சேலைக்கும் அடுத்த சேலைக்கும் நடுவில் இருக்கும் இடம். போன மழையில் மண் சரிந்து லயத்து வரிசை வீடுகள் போன குடும்பங்களையெல்லாம் தோட்டத்துப் பழைய ஸ்டோரில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தேயிலை அரைத்த காலத்தில் அந்த ஸ்டோருக்குக் கூரை இருந்தது. இப்போது கூரை மாதிரி ஒன்று இருந்தது. கக்கூஸ் இரண்டு. ஒன்றுக்குக் கதவு இல்லை. மற்றதற்குக் கதவு மட்டும்தான் இருந்தது.

ஸ்டோருக்குப் பின்னால் மலை, மலையில் ஒரு வெடிப்பு. மழை பெய்கிற நேரமெல்லாம் அந்த வெடிப்புக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலில் கந்தப்பன் தப்புப் பறையோடு உட்கார்ந்திருப்பார். மண் அசைந்தால் அடிப்பார். அடித்தால் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓட வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் சிக்னலும் ரோட்டில்தான் இருந்தது.

இப்படியிருக்கையில்தான் யோகேஸ்வரன் வருவதாகச் சொன்னார். இதே தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் புடவைக் கடை வைத்திருப்பவர். கூரைக்கும் கக்கூசுக்கும் தானும் தருவதாக, தெரிந்த முதலாளிமாரிடமும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். கம்பஸில் படிக்கிற பிள்ளை என்பதால் விழா ஏற்பாடு தனுஷன் தலையில் விழுந்தது. அவன் வட்டகொடையிலிருந்து ஒரு தப்புக் கோஷ்டியை வரவேற்புக்குப் பேசிவிட்டான். முதலாளி வேனை விட்டு இறங்கும்போது ஊரே பிள்ளைகுட்டியோடு ஓடினால் காசு வராது. காசு வராவிட்டால் அடுத்த மழைக்கும் சேலைதான்.

"அப்ப நெசமாவே மண்ணு வந்துச்சுன்னா?" என்று கேட்டாள் கந்தப்பனின் மனைவி வீரம்மா.

"விழா முடியிற வரைக்கும் வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன் அத்த."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். அவனுக்கும் அது பிடிக்கும்.

மத்தியானம் மழை பிடித்தது. கந்தப்பன் தப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். யோகேஸ்வரன் வந்து இறங்கினார், கோஷ்டி அடித்துத் தள்ளியது. ஸ்டோருக்குள் ஒருவரும் அசையவில்லை. பாதிப்பேர் பெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். வாசல் வரை ஓடிய ஒரு பிள்ளையை அதன் அம்மா இழுத்து உட்கார வைத்தாள். தனுஷனுக்குப் பெருமையாக இருந்தது.

யோகேஸ்வரன் மாலையோடு மைக்கைப் பிடித்தார். "நானும் லயத்துல பொறந்தவன்தான்" என்று ஆரம்பிக்கும்போதே தப்புச் சத்தம் மறுபடி கேட்டது.

"இன்னும் வரவேற்பு முடியலையா?" என்றார். கூட்டம் சிரித்துக் கை தட்டியது. தனுஷனும் சிரித்துக்கொண்டே, போதும் என்று சைகை காட்டத் திரும்பினான்.

கோஷ்டிக்காரர்கள் மேடைக்குப் பின்னால், கூட்டத்துக்குத் தெரியாமல் நின்று ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய தப்புகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. சத்தம் நிற்கவில்லை.

அவன் மைக்குக்குப் பாய்ந்தான்.

"ஓடுங்க! மேல கந்தப்ப மாமா அடிக்கிறாரு! மண்ணு வருது!"

ஸ்டோரே கொல்லென்று சிரித்தது.

"நீதானடா ஒக்காரச் சொன்ன? ஒக்காந்துதான இருக்கோம்" என்றாள் வீரம்மா.

"நெசமா அத்த! சத்தியமா!" அவன் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. அதற்கு இன்னும் சிரிப்பு. "நல்லா நடிக்கிறான்ப்பா" என்று யாரோ பாராட்டினார்கள். யோகேஸ்வரனும் தட்டினார்.

பின்சுவரின் அடியிலிருந்து தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் ஒரு நூல் நீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதை அவன் மட்டும்தான் பார்த்தான். அழுகை வந்தது. அழுதால் அதற்கும் தட்டுவார்கள்.

மூலையில் மாரியம்மன் இருந்தாள். புதைந்துபோன கோயிலிலிருந்து தோண்டியெடுத்து, விளக்கேற்றி வைத்திருந்த சிறிய சிலை. அந்தப் பக்கம் செருப்போடு யாரும் போகமாட்டார்கள். தனுஷன் சப்பாத்துக் காலோடு பாய்ந்தான், விளக்கைத் தட்டிவிட்டான், அம்மனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே ஓடினான்.

"டேய்! சப்பாத்தோடடா!"

வீரம்மா எழும்பினாள். அவளோடு ஸ்டோரே எழும்பியது. விளக்குமாறு, குடை, இடுப்பில் பிள்ளை, எல்லாம் அவன் பின்னால் வந்தன. சேலைக்குள் படுத்திருந்த நோயாளிகளைக்கூட, என்னமோ நடக்கிறது என்று கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். என்ன விஷயம் என்றே தெரியாமல் யோகேஸ்வரனும் மாலையோடு ஓடி வந்தார். அடிப்பதற்காகத்தான் வந்தார்கள். ஆனால் வந்தார்கள்.

ரோட்டில் அவன் முதுகில் குடையால் ஒரு அடி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்கிய குடை அப்படியே நின்றது.

கல் லொறி ஒன்று கொட்டுகிற மாதிரிச் சத்தம், ஆனால் கொட்டி முடியவில்லை. ஸ்டோரின் பின்பாதி மெதுவாக உட்கார்ந்தது. சேலைகள், பெஞ்சுகள், கதவு மட்டும் இருந்த கக்கூஸ், எல்லாவற்றையும் மண் மூடியது. தாய்மார் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது.

அப்புறம்தான் வீரம்மா மேலே பார்த்தாள். "சத்தம் நின்னுருச்சேடா."

மலையில் பனிமூட்டம்தான் தெரிந்தது. அவள் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

வெகுநேரம் கழித்துத் தேயிலைச் செடிகளுக்குள் எதுவோ அசைந்தது. இடுப்புவரை சேறு, கழுத்தில் தப்பு. கந்தப்பன் கெட்ட வார்த்தையோடுதான் வந்து சேர்ந்தார்.

"செவுட்டுக் கூட்டமா நீங்க? கை வீங்க வீங்க அடிக்கிறேன், ரோட்டுல ஒரு தலையக் காணோம்! நான் எறங்கி ஓடுறதா, நின்னு அடிக்கிறதா? காலுக்குக் கீழ மண்ணு போகுது, நான் அடிச்சிக்கிட்டு நிக்கிறேன்!"

எல்லாரும் தனுஷனைப் பார்த்தார்கள்.

"கேட்டுச்சு மாமா. நான்தான் ஒக்காரச் சொன்னேன்."

கந்தப்பன் அவனையும் அவன் கையில் இருந்ததையும் பார்த்தார். "ஆத்தாவக் கீழ வை."

"கை வரமாட்டேங்குது மாமா."

கந்தப்பன்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

யோகேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, இந்தக் கட்டடத்துக்கா கூரை கேட்டீங்க?"

"ஆமா சார்."

"கூரைய வாங்கி எங்க போடுறது?"

வீரம்மா அவருடைய வேன் கதவைத் திறந்து, நனைந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றத் தொடங்கியிருந்தாள். "அத அப்பறம் பேசலாங்க. மொதல்ல படுக்க எடம் பாக்கணும். நீங்க முன்னுக்கு ஏறுங்க."

அவர் ஏறினார். மடியிலும் ஒரு பிள்ளையை வைத்தார்கள்.

"எங்க சார் போறது?" என்று டிரைவர் கேட்டார்.

"பின்னுக்கு மலை இல்லாத எடமாப் பாத்துப் போங்க" என்றாள் வீரம்மா.

டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்பதுபோல் யோகேஸ்வரனைப் பார்த்தார். யோகேஸ்வரன் வேன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலு பக்கமும் பார்த்தார். எல்லாப் பக்கமும் பனிமூட்டம். அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று வேனுக்குள் இருந்த எல்லாருக்கும் தெரியும்.