தலைகீழாக ஓடிய நாடா

ஒருவர் ஒரு நூல் எழுதிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் காதைப் பயன்படுத்துவதில்லை. 2004இல் என் பேராசிரியரின் நூல் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. மொன்றியலில் மின்னணு இசையைத் தொடக்கியவர் அர்மான் கெவியோன் என்றும், அவருடைய எட்டு நிமிடப் படைப்பு ஒன்றுதான் அந்த இசையின் உச்சம் என்றும் அதில் எழுதியிருந்தார். படைப்பு ஒரு விசித்திரமான முணுமுணுப்போடு தொடங்கும். மனிதமொழிக்கு முந்திய இயந்திரத்தின் மழலை என்று அதைப் பதினான்கு பக்கம் வர்ணித்திருந்தார்.

அந்த வருடம் அந்தப் படைப்பு குறுந்தட்டாக வரவிருந்தது. கெவியோனின் ஆவணப் பெட்டிகளில் இருந்த மூல ஒலிநாடாவோடு பிரதியை ஒப்பிட்டு, சரியென்று கையெழுத்திடும் வேலையை ஆய்வு மாணவியான எனக்குத் தந்தார்கள்.

அந்தக்கால ஒலிக்கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. நாடாவை ஓடவிட்டுக் கேட்டபின் திருப்பிச் சுற்றமாட்டார்கள். முடிவு வெளியே இருக்கும்படியே வைத்தால் ஒலி கெடாது. அது முடிவு என்று காட்ட நுனியில் சிவப்புத் துண்டு ஒட்டுவார்கள். அடுத்து எடுப்பவர் முதலில் திருப்பிச் சுற்றவேண்டும். இந்த நாடாவின் வெளிநுனி சிவப்பு. பேராசிரியர் 1983இல் பிரதியெடுத்தபோது சுற்றாமலே ஓடவிட்டதால், படைப்பு முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் பதிவாகியிருக்கிறது. கோயில் மணி அடித்தால் தேய்ந்து தேய்ந்து ஓயும் என்பது மன்னாரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பிரதியில் வரும் மணியோசையோ மெல்ல வீங்கி வந்து பட்டென்று அறுந்தது. அதையும் புதுமை என்று புகழ்ந்தார்கள். இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் சுற்றி ஓடவிட்டேன். மணிகள் மணிகளாக ஒலித்தன. கடைசியில் அந்த மழலை, ஒரு பெண்ணின் தெளிவான பிரெஞ்சாக வந்தது. "இதை நான் தனியாகச் செய்தேன். சோலாஞ்ச் பெல்மார். ஒக்ரோபர் 1961."

நூலில் சோலாஞ்சுக்கு ஒரேயொரு அடிக்குறிப்பு: கெவியோனின் தட்டெழுத்தாளர். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பேராசிரியருக்குப் போட்டுக் காட்டி, என் இடறும் பிரெஞ்சில் விளக்கினேன். இரண்டு முறை கேட்டார். பிறகு, என் ஆய்வேடு முடிய நான்கு மாதந்தானே இருக்கிறது என்று அன்பாக நினைவூட்டினார். குறுந்தட்டு வரட்டுமாம், மறுபதிப்பில் பார்க்கலாமாம். கையெழுத்திடாவிட்டால் வேறு வழிகாட்டியைத் தேடிக்கொள்ளச் சொன்னார்.

லாசாலில் எங்கள் வீட்டில் என் கணவர் ஜோன்சன் துறைமுக வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கிடந்தார். ஆறு வருடமாக அவருடைய உழைப்பில்தான் படிக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கையெழுத்தை வைச்சிட்டுப் பட்டத்தை எடும் செலீன். பட்டம் வந்தாப் பேந்து சொல்லலாம்தானே."

"அந்த மனிசியும் பேந்து பேந்து எண்டு இருந்துதான் செத்திருப்பா. நான் வைக்கமாட்டன்."

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். சம்மதமா கோபமா என்று எனக்கு விளங்கவில்லை.

கையெழுத்தை வேறொருவர் இட்டார். ஆனால் வெளியீட்டு விழாவில் மூல நாடாவையே ஓடவிட ஆசைப்பட்டார்கள். அந்தப் பழைய இயந்திரத்தை இயக்க என்னைவிட்டால் ஆளில்லை. நாடாவைச் சுற்றாமலே ஓடவிடவேண்டும் என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பேராசிரியர் மேடையில் மழலையைப் பற்றி உருகிப் பேசிவிட்டு எனக்குத் தலையசைத்தார். நான் நாடாவை ஏற்கெனவே திருப்பிச் சுற்றி வைத்திருந்தேன்.

முதல் மணி ஒலித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சபையைப் பார்த்துச் சிரித்தபடியே இறங்கி இயந்திரத்தை நோக்கி வந்தார். நான் அதற்கு முன்னால் போய் நின்றேன். இருநூறு பேர் பார்த்திருக்க என்னைத் தள்ள அவரால் முடியவில்லை. எட்டு நிமிடமும் நான் நகரவில்லை. கடைசியில் சோலாஞ்ச் தன் பெயரைச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் நூலைத் திறந்து அடிக்குறிப்பைத் தேடத் தொடங்கினார்.

யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய் என்று பேராசிரியர் பல்லைக் கடித்தார்.

இப்போது பேசினாரே, அவரைக் கேட்டுத்தான் என்றேன். என் பிரெஞ்சு அன்றைக்கு ஓரிடத்திலும் இடறவில்லை.