ஜாஸ் வகுப்பின் பன்னிரண்டாவது ஆள்

வழிதவறிய இளைஞர்களை ஜாஸ் இசையால் திருத்தப் போகிறோம் என்று சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை ஒரத்தநாட்டுக்கு வந்து இறங்கியது. பன்னிரண்டு பேர் வேண்டும். தலைகீழாக நின்றும் பதினோரு பேர்தான் சிக்கினார்கள். ஆள் குறைகிறதே என்று, கல்யாண பேண்டில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்த பரணிதரனைக் கூப்பிட்டார்கள். பீடியைக்கூடத் தொடாத பிள்ளை. ஓசியில் வித்தை கிடைக்கிறதே என்று போய் உட்கார்ந்தான்.

மூன்று மாதத்தில் அரங்கேற்றம். காதுகுத்துக்கே ஃபிளெக்ஸ் வைக்கிற ஊர், இதற்குச் சும்மா இருக்குமா? பேருந்து நிலையத்தில் இருபதடிக்கு நிறுத்தினார்கள்: 'வழிதவறிய இளைஞர்களின் ஜாஸ் விழா.' கீழே பன்னிரண்டு முகங்கள். சிவப்பாக, சிரித்த முகமாக இருந்த பாவத்துக்குப் பரணிதரனை நடுவில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கத் திருவிடைமருதூரிலிருந்து வந்த பெண்வீட்டார், பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வரவே இல்லை.

பரணிதரன் அறக்கட்டளைத் தலைவி ஜெயபாரதியிடம் ஓடினான்.

"மேடம், என் போட்டோவ எடுத்துடுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க பஸ் ஸ்டாண்டோட திரும்பிட்டாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "இந்த வலிதான் பரணி, ஜாஸ்! உங்க வாசிப்புல இத்தனை நாளா அதுதான் இல்ல. விழாவுல இதையே வாசிங்க."

அவன் வாசிக்கவில்லை. நேரே போய் அரிவாளால் ஃபிளெக்ஸைக் கிழித்தான். ஜெயபாரதியே ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். அதன் நகலைப் பத்திரமாக ஆண்டறிக்கையில் சேர்த்தார். வகுப்புக்கு வந்தவர்கள் நிஜமாகவே வழிதவறியவர்கள்தானா என்று நன்கொடையாளர்கள் இரண்டு மாதமாக ஆதாரம் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்களாம்.